கூட வர ஓர் ஆள்

விராலிமலை
ஜனவரி 14, 2024

என்னங்க,

நேற்றுப் போனை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டதாக அத்தையிடம் பொய் சொன்னேன். உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்பீக்கரில் "ஒனக்கு முயற்சி பத்தாது பிளெஸ்ஸி" என்று கத்தினால் நான் வேறென்ன செய்வேன்? இனிமேல் தொழில் பேச்சு போனில் வேண்டாம். மெயிலில் எழுதுங்கள். இ-சேவை மையத்தில் கூட்டம் குறைந்த மதியங்களில் நான் பதில் அடிக்கிறேன். எழுதும்போதாவது ஒருவர் சொல்வதை மற்றவர் கடைசி வரை கேட்போம்.

சித்தன்னவாசலில் நடந்தது இதுதான். குகை ஓவியத்தைப் பற்றி நான் பேசிப் பதிவு செய்ததை எடுத்துக்கொண்டு, ஸ்கேன் செய்து பணம் கட்டினால் அது ஒலிக்கிற அட்டையோடு போனேன். காவலர், "இங்கிட்டு எதுவும் ஒட்டக் கூடாதும்மா, ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். வெளியே இளநீர் வண்டிக்காரரிடம் கெஞ்சி, வண்டியில் தொங்கவிட்டேன். வந்தவர்களில் பாதிப் பேர் அதை இளநீருக்குப் பணம் கட்டுகிற அட்டை என்று நினைத்தார்கள். ஒரு பையன் "இதுல பாட்டு வருமாக்கா?" என்று கேட்டான். சாயங்காலம் வரை பணம் கட்டிக் கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கல்லூரியில் பாடம் எடுப்பவர். முழுவதும் கேட்டுவிட்டு, "இது யாரு குரல்? நல்லாச் சொல்லியிருக்காங்களே" என்றார். நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் உங்களுக்கு மெசேஜ் போட்டுவிட்டுச் சந்தோஷமாக வந்தேன். இலுப்பூர் தாண்டவில்லை, உங்கள் மெசேஜ் வந்துவிட்டது: "ரெண்டு பேர்னா தேறாது. விட்டுரு. அடுத்தது பார்ப்போம்."

கடலை மிட்டாய் விற்றபோதும் இதேதான் சொன்னீர்கள். வளைகுடாப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுத்தபோதும் இதேதான். எனக்கு ஒன்றில் கை பழகும்போது நீங்கள் அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள்.

உங்கள் அவசரம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஜூனில் உங்கள் குடோனை மூடுகிறார்கள். அதற்குள் இங்கே ஒரு வருமானம் வராவிட்டால் வேறு கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவீர்கள். சும்மா வாருங்கள் என்றால், வெறுங்கையோடு வந்து என்ன செய்ய என்கிறீர்கள். கல்யாணமாகி நான்கு வருடம். உங்களுக்குச் சாப்பாட்டில் எது பிடிக்கும் என்று இப்போதும் அத்தையிடம்தான் கேட்கிறேன்.

பிளெஸ்ஸி


ஷார்ஜா
ஜனவரி 19, 2024

பிளெஸ்ஸி,

முயற்சி பத்தாது என்றது தப்பு. அன்றைக்கு சூப்பர்வைசர் மேலிருந்த கோபம், உன் மேல் இறங்கிவிட்டது.

ஆனால் நான் அவசரப்படுவதாகச் சொல்கிறாயே, அது தப்பில்லை, அதுதான் வழி. நம்மிடம் முதல் கிடையாது. கடை பிடித்து, சரக்கு வாங்கி அடுக்கிவிட்டு ஈ ஓட்டுவதற்கு நம்மால் முடியாது. முதலில் சின்னதாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தில் ஒரு பக்கம் போடு, ஒரு சின்ன விளம்பரம் கொடு, எத்தனை பேர் வருகிறார்கள் பார். வராவிட்டால் வருத்தப்படாமல் மூடிவிட்டு அடுத்தது. பத்தில் ஒன்று பிடித்தால் போதும்.

இப்போது ஒன்று பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். என் அறையில் ராமு இருக்கிறான் அல்லவா, கீரனூர்க்காரன். போன வாரம் அவனுடைய அப்பாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. சித்தப்பா மகனைக் கூப்பிட்டால் அவன் திருப்பூரில். மச்சானைக் கூப்பிட்டால் அவர் கல்யாண வீட்டில். போனைக் காதில் வைத்தபடியே அறைக்குள் நடந்துகொண்டிருந்தான். இங்கே ஒவ்வொருத்தனுக்கும் ஊரில் வயதானவர்கள் இருக்கிறார்கள், பிளெஸ்ஸி. அனுப்பப் பணமும் இருக்கிறது. கூடப் போக ஆள்தான் இல்லை.

"கூடவே" என்று பெயர் வைத்து ஒரு பக்கம் செய்துவிட்டேன். "உங்கள் அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கூட்டிப் போகிறோம். புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும்." கீழே ஒரு பட்டன். அழுத்தினால் பெயரும் நம்பரும் கேட்கும். பிறகு "விரைவில் தொடங்குகிறோம்" என்று வரும். விளம்பரத்துக்கு ஒரு பிரியாணிக் காசுதான் செலவு.

நீ எதுவும் செய்ய வேண்டாம். எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை. தொடர்பு எண் ஒன்று கேட்டது, உன்னுடையதைப் போட்டிருக்கிறேன். யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஜெபக்குமார்


விராலிமலை
ஜனவரி 27, 2024

என்னங்க,

யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றீர்கள். செவ்வாய்க்கிழமை நான் ஒருவருக்கு வருமானச் சான்றிதழ் பதிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஹலோ, 'கூடவே'ங்களா?"

"என்னதுங்க?"

"வயசானவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவங்கதானே? குவைத்துல இருந்து ஆனந்தராஜ் பேசுறேன். பட்டனை அமுக்குனா விரைவில்னு வருது. எங்கம்மாவுக்கு நாளைக்குக் காலையில ஸ்கேன் எழுதிக் குடுத்திருக்காங்க. ஆள் கூட இல்லாமப் போக மாட்டேங்குது. நீங்க வந்துருவீங்கல்ல?"

அது சும்மா ஒரு சோதனை அண்ணே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனிதரின் குரலைக் கேட்டிருந்தால் உங்களாலும் முடிந்திருக்காது. "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய அம்மா பெயர் மருதாயி. அன்னவாசலுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். பத்து ஆடுகளோடு தனியாக இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "யாரு நீ? நர்சா?" என்றார்.

"இல்லம்மா. ஒங்க மகன் அனுப்புனாரு. கூட வாரதுக்கு."

"கூட வரக் காசு குடுத்து ஆளு வைக்கிறானா? அம்புட்டுப் பெரிய மனுசனாயிட்டானா?" என்று சொல்லி முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார். போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் புதுச் சேலையில் வெளியே வந்து, "பஸ்ஸு போயிரும். நடக்கிறியா, நான் தூக்கிக்கிட்டு வரணுமா?" என்றார்.

வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தவர், புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததும் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு விடவேயில்லை. டாக்டர் என்னைப் பார்த்து "மகளா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் "ஆமா" என்றார் மருதாயி.

மார்பில் கட்டி. ரொம்ப நாளாக இருக்கிறதாம். மகனிடம் வயிற்று வலி என்று சொல்லிவைத்திருக்கிறார். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எதுவானாலும் திருச்சியில் ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார், "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு அவன்கிட்டச் சொல்லிரு."

"அம்மா, என்னைய அனுப்புனதே அவருதானே?"

"அனுப்புனது அவன். ஒடம்பு என்னுது."

ஆனந்தராஜ் கூப்பிட்டபோது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் வரணும் என்று மட்டும் சொன்னேன். பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. உங்கள் சோதனையில் இதற்கு என்ன செய்வது என்று இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள்.

பிளெஸ்ஸி


ஷார்ஜா
பிப்ரவரி 2, 2024

பிளெஸ்ஸி,

நீ போய்விட்டு வந்துவிட்டாய்! நான் பட்டனைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், நீ தொழிலையே தொடங்கிவிட்டாய். இதுவரை நூறு பேருக்கு மேல் அழுத்தியிருக்கிறார்கள். கடலை மிட்டாய்க்கு இதில் கால்வாசிகூட வரவில்லை. இதுதான், பிளெஸ்ஸி. இதுதான் அந்த ஒன்று.

ஆலங்குடியில் ஒரு ஆள், அறந்தாங்கியில் ஒரு ஆள், திருக்கோகர்ணத்தில் ஒருவர் போட்டால் புதுக்கோட்டை டவுன் முழுவதும் பார்த்துக்கொள்ளலாம். மாதச் சந்தா வைக்கலாம். சிவகங்கைக்கும் விளம்பரத்தை நீட்டிவிட்டேன். நீ உன் தோழிகளில் வேலை தேடுகிறவர்கள் யார் என்று பார்த்துவை.

அந்த அம்மா விஷயம். உனக்கு எழுதிவிட்டு உன் பதிலுக்குக் காத்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஆனந்தராஜ் என் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டுவிட்டார். "ஒங்க வீட்டுல சரியாப் பேச மாட்டேங்கறாங்க. எங்கம்மாவுக்கு என்னமோ இருக்கு. நீங்களும் என்னைய மாதிரி வெளிநாட்டுல கெடக்குறவருதானே, சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். எந்த டாக்டர் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு நன்றி சொன்னார்.

நான் செய்தது சரி என்றுதான் படுகிறது. பணம் கொடுப்பவர் அவர். நாளைக்கு அவருக்கு வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் நம் பெயர் என்ன ஆகும்? தொடங்கும்போதே பெயர் கெட்டுவிடக் கூடாது.

ஜெபா


விராலிமலை
பிப்ரவரி 16, 2024

பெயர் கெடவில்லை. சந்தோஷமாக இருங்கள்.

நீங்கள் சொன்ன அன்றைக்கே ஆனந்தராஜ் அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று கத்தியிருக்கிறார். மருதாயி போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டார். ஆபரேஷனுக்குத் திருச்சிக்குப் போகக் குறித்திருந்த நாளில் விடியும்போதே அவர் வாசலில் நின்றேன். கதவு திறக்கவில்லை. ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து சொன்னார்:

"ஒன்னைய மகள்னு சொன்னேன்ல, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். போ. இன்னும் யார் யாருக்குச் சொல்லணுமோ சொல்லிட்டு வா."

நான் சொல்லவில்லை என்று சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரர்தான் சொன்னார் என்று சொல்ல முடியுமா? இரண்டும் அவருக்கு ஒன்றுதான்.

ஆபரேஷன் நாள் போய்விட்டது.

என் நம்பரில் பதிந்த பக்கம்தானே, உள்ளே போய் நீக்கிவிட்டேன். பட்டனை அழுத்திய ஒவ்வொருவருக்கும், இப்போது இப்படி ஒரு சேவை இல்லை, மன்னியுங்கள் என்று நானே எழுதினேன். அதன் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறேன். கேட்காதீர்கள்.

பிளெஸ்ஸி


ஷார்ஜா
மார்ச் 22, 2024

பிளெஸ்ஸி,

எத்தனை மெயில் அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அம்மாதான் சொன்னார், "திங்கக்கிழமையானா அவ பஸ்ஸேறிப் போறா, எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா" என்று. நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திரும்பவும் எழுதுகிறேன்.

இந்த நாட்களில் இன்னும் மூன்று பக்கங்கள் செய்தேன். சிறுதானிய மாவு. பழைய பாடப்புத்தகம். கல்யாணப் பத்திரிகை. ஒவ்வொன்றையும் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே நானே நீக்கிவிட்டேன். குடோனில் சரக்கு அடுக்கும் ரேக்குகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். காலியான இடத்தில் நின்றால் நம் இருமல் நமக்கே திரும்பக் கேட்கிறது. உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். சண்டைக்குக் கேட்கவில்லை. என் அம்மாவுக்கு அப்படி ஒன்று என்றால் நீ என்னிடம் சொல்லாமல் இருப்பாயா? ஆனந்தராஜின் இடத்தில் நின்று பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகத் தெரிகிறது.

ஆனால் சொன்ன விதம் தப்பு. ஒரு கையில் டிராலியைத் தள்ளிக்கொண்டு, லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தேன். உன்னைக் கேட்கவில்லை. அந்த அம்மா எப்படிப்பட்டவர் என்றும் யோசிக்கவில்லை. அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்றுதான் யோசித்தேன்.

புதுக் கம்பெனியின் காகிதம் வந்திருக்கிறது. மே கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடட்டுமா என்று கேட்கிற தைரியம்கூட இல்லை. அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுது.

ஜெபா


விராலிமலை
ஏப்ரல் 21, 2024

என்னங்க,

பிழைத்துவிட்டார். ஆபரேஷன் முடிந்தது. கட்டி புற்றுநோய்தான், இன்னும் மருந்து ஏற்ற வேண்டும், ஆனால் கைக்கு மீறவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியை நானும் நிறைய யோசித்தேன். உங்களிடம் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொல்லப்போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். முதலில் ஜன்னலோடு சரி. "வந்துட்டியா? போ" என்பார். நான் ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார்.

"கேஸ் தீந்துபோச்சு. இதுல புக் பண்ணிக் குடு. வேற எதையும் தொடாத."

போனை உயிர்ப்பித்ததுதான் தாமதம், டிங் டிங் என்று நிற்காமல் அடித்தது. எல்லாம் ஆனந்தராஜ் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். நான் எதையும் தொடவில்லை. அவரையே பார்த்தேன். "எம்புட்டு இருக்கு?" என்றார். நிறைய என்றேன். "போடு" என்றார். முதலில் இருந்தவற்றில் ஒரே கத்தல், அழுகை. கடைசியில் வந்தது நிதானமாக இருந்தது. "ஆத்தா, நீ வான்னா வாரேன். வேணாம்னா வரல. வேலையெல்லாம் விடல. ஆபரேசன் மட்டும் பண்ணிக்க ஆத்தா." காலி சிலிண்டர் மேல் கை வைத்தபடி முழுவதும் நின்று கேட்டார்.

"நான் கட்டிக்குப் பயப்படல தெரியுமா. அவன் பொழப்ப விட்டுட்டு ஓடியாந்துருவான்னுதான்" என்றார் பிறகு. கதவைத் திறந்தார். "திருச்சிக்கு என்னைக்குப் போகணும்?"

மகனிடம் அவரே பேசினார். நான் வெளியே வந்து ஆடுகளோடு நின்றேன். ஆனந்தராஜ் லீவில் வந்து ஆபரேஷனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

இப்போது ஊரில் நாலு பேர் என்னைக் கூப்பிடுகிறார்கள். உங்கள் விளம்பரத்தைப் பார்த்து இல்லை. எல்லாரும் மருதாயி சொல்லி வந்தவர்கள். "அந்தப் பிள்ளை வாய்ல இருந்து ஒரு சொல்லு வெளிய போகாது" என்கிறாராம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மகன்கள் பணம் அனுப்புகிறார்கள், வாங்கிக்கொள்கிறேன். டாக்டர் சொன்னதைப் பெற்றவர்களே முதலில் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும், அதற்கு நான் பக்கத்தில் இருப்பேன் என்று இருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போவதில்லை. இது தொழிலாகுமா என்று தெரியாது. இ-சேவை வேலையை விடுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. அன்னவாசலில் அடைக்கலம் என்று ஒருவர், லாரி ஓட்டியவர். மகன் சிங்கப்பூரில். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நான் போய் நின்றதும், "பொம்பளப் பிள்ளை என்னையப் பிடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறதா? அதுக்கு நான் போகாமயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். உண்மையிலேயே இரண்டு முறை போகவில்லை. மருமகளும் வேலைக்குப் போகிறவர். இப்போதைக்கு சித்தன்னவாசல் இளநீர் வண்டிக்காரரின் தம்பியை அனுப்புகிறேன். அவர் என்றைக்கு வருவார், என்றைக்கு வரமாட்டார் என்று சொல்ல முடியாது.

கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வந்து நடத்துங்கள், ஊருக்கு ஒரு ஆள் போடுங்கள், சிவகங்கைக்கு நீட்டுங்கள் என்றும் கூப்பிடவில்லை. எனக்கு முதலாளி வேண்டாம். அடைக்கலம் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் சுத்தம் செய்து முடிகிற வரை நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு ஆண் ஆள் வேண்டும். உங்களால் முடியுமா? முடியாது என்றால் கோபப்படமாட்டேன். யோசித்துவிட்டு எழுதுங்கள். உடனே எழுதாதீர்கள்.

பிளெஸ்ஸி


ஷார்ஜா
மே 17, 2024

பிளெஸ்ஸி,

உடனே எழுதவில்லை. முடியும் என்று எழுத அன்றைக்கே கை வந்தது. ஆனால் அது, முடியுமா என்று எனக்கே தெரியாமல் எழுதுவதாக இருந்திருக்கும்.

போன வாரம் ராமுவுக்கு இடுப்பைச் சுற்றி வலி. சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்தது. வழக்கமாக டாக்ஸியில் ஏற்றிவிட்டு நான் டூட்டிக்குப் போயிருப்பேன். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். வரிசையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே போனை எடுத்து, இந்த வரிசைக்கு ஒரு ஆப் செய்தால் என்ன என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே. ராமு பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தப் போனை உள்ள வையிடா. எனக்குப் பயமா இருக்கு" என்றான். ஆறு வருடமாக ஒரே அறையில் இருக்கிறோம். பயமாக இருக்கிறது என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை.

உள்ளே வைத்தேன். அப்புறம் செய்ய எதுவும் இல்லை. அவன் வாந்தி எடுத்தபோது பிளாஸ்டிக் பையைப் பிடித்தேன். இரண்டு முறை, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே ஓடினேன். இரண்டாம் முறை போனது தண்ணீருக்கு இல்லை, அவனிடம் பாட்டில் இருந்தது. வாசல் வரை போய் வெயிலில் நின்றேன். என்னால் முடியவில்லை என்றுதான் உனக்கு எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தேன். பெயரைக் கூப்பிடுகிற வரை எழுந்திருக்கவில்லை. மூட்டை தூக்கிய நாட்களில்கூட அவ்வளவு களைத்ததில்லை.

இதை வைத்து முடியும் என்று சொல்லிவிட முடியாது. ஒரு ஆள், ஒரு நாள், அதுவும் நண்பன். அடைக்கலம் ஐயாவுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். நானும் நடுவில் எழுந்து வாசலுக்கு ஓடலாம். அப்படி ஓடினால் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிடு, சகித்துக்கொள்ளாதே.

காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதுக் கம்பெனியின் ஆபீசர், வேறு இடம் கிடைத்துவிட்டதா, அங்கே என்ன வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிற வேலை என்றேன். சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் முதல் வாரம் டிக்கெட். விமானம் திருச்சிக்கு வருகிறது. பயமாகத்தான் இருக்கிறது, பிளெஸ்ஸி.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இன்றைக்கு ராத்திரி கூப்பிட்டு நானே சொல்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே. பக்கத்தில் மட்டும் இரு.

ஜெபா